பாட்டியின் ட்யூபைப் பிடுங்கப் போகிறார்களா?

"வயசானவங்களைச் சாகடிக்கறதுக்கு கவர்மென்ட்டே கமிட்டி போடுதாம்!"

2009 ஆகஸ்ட் மாதம் அமெரிக்கா முழுக்க ஏறக்குறைய இப்படித்தான் பேச்சு. படிக்காதவர்கள் மட்டும் பேசிய பேச்சு என்று நினைக்காதீர்கள். ரிட்டயர் ஆன வாத்தியார், வக்கீல், பாங்க் ஆபீசர் எல்லாரும் நம்பினார்கள். எம்.பி.க்கள் தொகுதி மக்களைச் சந்திக்கக் கூட்டிய கூட்டங்களில் ஒரே கூச்சல், சண்டை. அந்த மாதம் எடுத்த ஒரு கருத்துக் கணிப்பில் 100-க்கு 86 பேர் இந்த ‘மரண கமிட்டி’ பற்றிக் கேள்விப்பட்டிருந்தார்கள். கேள்விப்பட்டவர்களில் 30 சதவீதம் பேர், "ஆமாம், உண்மைதான்" என்றார்கள்.

அப்படி என்னதான் சட்டம் அது? எதற்கு இத்தனை பயம்? பத்து வருஷத்துக்கு மேல் ஆகிப்போன வெளிநாட்டுச் சங்கதி நமக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வீட்டில் 60 வயதைத் தாண்டிய ஒருவர் இருந்தாலும் இது உங்கள் விஷயம்தான். 25 வயதுக்காரருக்கும் ஏன் இது வேண்டும் என்பது போகப் போகத் தெரியும்.

ஐந்து வருஷத்துக்கு ஒரு பேச்சு

அமெரிக்காவில் 65 வயதானவர்களுக்கு அரசாங்கமே நடத்தும் இன்ஷூரன்ஸுக்கு மெடிகேர் என்று பெயர். டாக்டர் ஊசி போட்டால் காசு தரும், ஆபரேஷன் செய்தால் தரும். ஆனால், அரை மணி நேரம் நோயாளியுடன் உட்கார்ந்து, "உங்களுக்கு ரொம்ப முடியாமல் போய், பேசக்கூட முடியாத நிலை வந்தால் என்னென்ன சிகிச்சை வேண்டும், எது வேண்டாம்?" என்று கேட்டுப் பேசினால், அதற்கென்று தனியாகக் காசு கிடையாது. காசு இல்லாத வேலைக்கு எந்த டாக்டருக்கு நேரம் இருக்கும், சொல்லுங்கள்!

ஒபாமா ஜனாதிபதியான வருஷம் அது. எல்லாருக்கும் மருத்துவ இன்ஷூரன்ஸ் கிடைக்கச் செய்யும் பெரிய மசோதா வந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல் இருந்த அந்த மசோதாவில் 1233 என்று ஒரு பிரிவு. ஆரெகன் மாநில எம்.பி. ஏர்ல் ப்ளூமனவர் முயற்சியில் சேர்ந்தது. இந்தப் பேச்சுக்கும் டாக்டருக்கு மெடிகேர் காசு கொடுக்கும், ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம். உடம்பு மோசமானால் நடுவிலும் பேசலாம். அவ்வளவுதான் விஷயம். நோயாளி பேசியே ஆக வேண்டும் என்று எங்கும் இல்லை.

ஜூலையில் பெட்ஸி மக்காஹீ என்பவர் ரேடியோவில் பேசினார். நியூயார்க் மாநிலத்தின் முன்னாள் துணை கவர்னர் அவர். வயதானவர்களைக் கட்டாயமாகக் கூப்பிட்டு, சீக்கிரம் சாவது எப்படி என்று சொல்லிக் கொடுக்கப் போகிறார்கள் என்றார். ஆகஸ்ட் 7-ம் தேதி சாரா பேலின் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதினார். 2008 தேர்தலில் துணை ஜனாதிபதி பதவிக்கு நின்றவர். தன் வயதான பெற்றோரும், டவுன் சின்ட்ரோம் உள்ள தன் கைக்குழந்தையும் ஒபாமாவின் ‘டெத் பேனல்’ முன்னால் நிற்க வேண்டியிருக்கும். இவர்கள் வாழத் தகுதியானவர்களா என்று அதிகாரிகள் முடிவு செய்வார்கள் என்று அவர் எழுதியதும் தீ பற்றிக்கொண்டது. சில நாளில் சக் கிராஸ்லி என்ற செனட்டரும், பாட்டியின் ப்ளக்கைப் பிடுங்குவதா என்று அரசாங்கம் முடிவு செய்யக் கூடாது எனப் பேசினார்.

இதில் வேடிக்கை, பேலினின் கட்சிக்காரரான ஜானி ஐசக்சன் என்ற செனட்டரே இது பைத்தியக்காரத்தனமான வியாக்கியானம் என்று சொன்னதுதான். அவர் பல காலமாக இந்த மாதிரி பேச்சு வேண்டும் என்று சொல்லி வந்தவர். பொலிடிஃபாக்ட் என்ற உண்மை சரிபார்க்கும் அமைப்பு ‘டெத் பேனல்’ பேச்சை அந்த வருஷத்தின் மிகப் பெரிய பொய் என்று தேர்ந்தெடுத்தது. என்ன பிரயோஜனம்? 2010 மார்ச்சில் சட்டம் கையெழுத்தானபோது அந்தப் பிரிவு அதில் இல்லை.

சும்மா வந்த பயமா?

பொய் சொன்னவர்களைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால், இத்தனை பேர் ஏன் நம்பினார்கள்? அங்கேதான் பாடம் இருக்கிறது.

மெடிகேர் செலவில் ஏறக்குறைய கால் பங்கு, மனிதர்களின் கடைசி ஒரு வருஷத்துக்கே போகிறது. இது அமெரிக்காவில் பேப்பர் படிக்கிற எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. இப்போது அரசாங்கம் வருகிறது. ஒரு கையில், "மருத்துவச் செலவைக் குறைக்கப் போகிறோம்" என்ற அறிவிப்பு. இன்னொரு கையில், "கடைசிக் காலம் பற்றி டாக்டரோடு பேசுங்கள்" என்ற அழைப்பு. இரண்டும் ஒரே மசோதாவில்! வீட்டில் மருமகள் பால் கணக்கு பார்த்துக்கொண்டே, "அத்தை, உங்களுக்கு ராத்திரி பால் அவசியமா?" என்று கேட்டால் மாமியாருக்கு எப்படி இருக்கும்? அதே கதைதான். கேள்வி நல்லதாகவே இருக்கட்டும், கேட்கிறவர் கையில் பர்ஸ் இருந்தால் சந்தேகம் வரத்தான் செய்யும்.

ஒபாமாவே ஒரு பேட்டியில் தன் பாட்டியைப் பற்றிச் சொன்னார். புற்றுநோய் முற்றிய நிலையில் இருந்த பாட்டி கீழே விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அந்த நிலையிலும் இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. கொஞ்ச நாளில், 2008 நவம்பரில், தேர்தல் முடிவு வருவதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். தன் பாட்டி என்பதால் அந்தச் செலவைக் கையிலிருந்தே கொடுத்திருப்பேன். ஆனால், ஒரு நாடாக இப்படிச் செலவு செய்துகொண்டே போக முடியுமா என்பது ரொம்பக் கஷ்டமான கேள்வி என்றார் அவர். மனசைத் திறந்து பேசியவர்தான். ஆனால், அதைக் கேட்ட ஒரு தாத்தாவுக்கு எது காதில் விழுந்திருக்கும்? ‘செலவு’ என்ற வார்த்தைதான்!

பயத்தில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது என்பதற்கு இங்கிலாந்தைப் பார்க்கலாம். கடைசி நாட்களில் இருப்பவர்களுக்கு வேண்டாத டெஸ்ட், வேண்டாத ஊசியை நிறுத்திவிட்டு வலி இல்லாமல் பார்த்துக்கொள்வதற்காக 1990-களின் கடைசியில் லிவர்பூல் நகரத்தில் ஒரு முறையை உருவாக்கினார்கள். நல்ல நோக்கம், நல்ல டாக்டர்கள். அது நாடு முழுக்கப் பரவியபோது என்ன ஆயிற்று? பல இடங்களில் வெறும் ஃபாரத்தில் டிக் அடிக்கிற வேலையாகிவிட்டது. இத்தனை பேரை இந்த முறையில் சேர்த்தால் இவ்வளவு பணம் என்று சில ஆஸ்பத்திரிகளுக்கு ஊக்கத்தொகை வேறு! சொந்தக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே ஆரம்பித்தார்கள். தண்ணீர் கேட்டவருக்குத் தண்ணீர் தராத இடங்களும் இருந்தன. ஜூலியா நியூபெர்கர் தலைமையில் குழு விசாரித்து, 2013 ஜூலையில் அறிக்கை தந்தது. ஒழுங்காகச் செய்த இடங்களில் நோயாளிகள் நிம்மதியாக இறந்திருக்கிறார்கள். ஆனாலும் இந்த முறையைக் கைவிட வேண்டும் என்றது குழு. அடுத்த வருஷம் அது நின்றது.

ஆக, பயப்பட வேண்டியது பேச்சைப் பார்த்து அல்ல, பேசாமலே யாரோ முடிவு செய்வதைப் பார்த்துத்தான். அமெரிக்காவில் பேச்சைத் தடுத்து நிறுத்தினார்கள். இங்கிலாந்தில் பேச்சு இல்லாமல் ஃபாரம் மட்டும் ஓடியது.

மூன்று இளம் பெண்கள்

இதெல்லாம் கிழவர்கள் சமாச்சாரம் என்று நினைத்தால் இதைக் கேளுங்கள். அமெரிக்கச் சட்டத்தையே மாற்றிய மூன்று வழக்குகளும் இளம் பெண்களைப் பற்றியவை.

கேரன் ஆன் குவின்லன் 1975-ல் நினைவு தப்பியபோது வயது 21. வென்டிலேட்டரை எடுக்கும்படி பெற்றோர் கேட்டு, 1976-ல் நியூஜெர்சி சுப்ரீம் கோர்ட் அனுமதித்தது. எடுத்த பிறகு அந்தப் பெண் தானாகவே மூச்சு விட்டு, நினைவு திரும்பாமலே 1985 வரை இருந்தாள்! நான்சி குரூசன் 1983-ல் கார் விபத்தில் அடிபட்டபோது 25. அவர் வழக்கு 1990-ல் நாட்டின் சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. டெர்ரி ஷையவோ 1990-ல் வீட்டில் மயங்கி விழுந்தபோது 26. உணவுக் குழாயை எடுத்துவிடலாம், அவள் இதை விரும்பியிருக்க மாட்டாள் என்றார் கணவர். கூடாது, அவள் எங்கள் பெண் என்றார்கள் அப்பா, அம்மா. கோர்ட் கோர்ட்டாகப் பல வருஷம். 2005 மார்ச்சில் பார்லிமென்ட் இதற்கென்றே அவசரச் சட்டம் போட, ஜனாதிபதி புஷ் விடுமுறையிலிருந்து ஓடி வந்து நடு ராத்திரியில் கையெழுத்துப் போட்டார். அப்படியும் கோர்ட் மாறவில்லை. குழாயை எடுத்து 13 நாளில் டெர்ரி இறந்தார்.

கணவரும் கெட்டவர் இல்லை, பெற்றோரும் கெட்டவர்கள் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. டெர்ரி எழுதி வைத்தது ஒரு வரிகூட இல்லை. அதுதான் எல்லாருடைய துக்கமும்.

பேசினால் என்ன லாபம்?

முதலில் ஒரு சினிமா சமாசாரம். நின்றுபோன இதயத்தை நெஞ்சை அமுக்கி ஓட வைக்கிற சிகிச்சையை டி.வி.யில் நிறையப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்க டி.வி. தொடர்களை உட்கார்ந்து பார்த்துக் கணக்கெடுத்த ஒரு ஆராய்ச்சி 1996-ல் வெளியானது. டி.வி.யில் 75 சதவீதம் பேர் பிழைத்தார்கள்! நிஜ ஆஸ்பத்திரியில் பிழைத்து வீடு திரும்புகிறவர்கள் அதில் பாதிகூட இல்லை. பல நோய்கள் முற்றிய முதியவர்களில் இன்னும் குறைவு. விலா எலும்பு உடைவதும் உண்டு. மாரடைப்பு வந்த 50 வயதுக்காரருக்கு அதே சிகிச்சை உயிர் கொடுக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. யாருக்கு, எந்த நிலையில் என்பதுதான் கேள்வி. அதை டாக்டரிடம் உட்கார்ந்து பேசினால்தான் தெரியும், டி.வி. பார்த்துத் தெரியாது.

அடுத்தது, "பேசினால் நம்பிக்கை போய்விடும், ஆயுசு குறைந்துவிடும்" என்ற எண்ணம். பாஸ்டன் நகரத்தின் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் நுரையீரல் புற்றுநோய் முற்றிய 151 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பாதிக்கு அதே சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே வலி, மூச்சுத் திணறல், மனக் கவலையைக் கவனிக்கும் டாக்டரும் கூட. அவர் நோயாளியிடம் என்ன வேண்டும், எது வேண்டாம் என்று பேசவும் செய்தார். 2010-ல் வந்த முடிவைப் பாருங்கள். பேசிய கூட்டத்தில் கடைசி நேரக் கடுமையான சிகிச்சைகள் குறைவு. மனச்சோர்வு குறைவு. ஆயுசு? வழக்கமான சிகிச்சையில் சராசரி 8.9 மாதம், இவர்களுக்கு 11.6 மாதம்!

விஸ்கான்சின் மாநிலத்தில் லா க்ராஸ் என்று ஒரு சின்ன ஊர். 1991-லிருந்து அங்கே ஆஸ்பத்திரிகள் சேர்ந்து, ஆட்களைப் பழக்கி, ஊர் முழுக்க இந்தப் பேச்சைப் பேச வைத்தார்கள். 1998-ல் வெளியான கணக்கில், அந்த ஊரில் இறந்த 540 பேரில் 85 சதவீதம் பேர் தங்கள் விருப்பத்தை எழுதி வைத்திருந்தார்கள். அரசாங்கம் உத்தரவு போடவில்லை. ஆஸ்பத்திரிகளுக்கு இதற்குத் தனி வருமானமும் இல்லை. ஆரெகனில் இன்னொரு ஏற்பாடு: ரொம்ப முடியாதவர்களுக்கு டாக்டர் கையெழுத்திட்ட பளிச்சென்ற ரோஸ் நிறத் தாள். அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்துக்கொள்வார்கள். ஆம்புலன்ஸ்காரர் வந்ததும் கண்ணில் படட்டும் என்று!

கூச்சல் போட்ட கதை கடைசியில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2011 ஜனவரியில் சத்தமில்லாமல் ஒரு விதியாக இதைக் கொண்டு வந்தார்கள். பேப்பரில் வந்ததும் பயந்துபோய் சில நாளில் வாபஸ்! கடைசியில் 2016 ஜனவரி 1 முதல் டாக்டருக்கு இந்தப் பேச்சுக்குக் காசு வந்தது. யாரும் யாருடைய ப்ளக்கையும் பிடுங்கவில்லை. செலவைக் கட்டுப்படுத்த 15 பேர் கொண்ட வாரியம் ஒன்று 2010 சட்டத்தில் இருந்ததே, அதையும் பலர் மரண கமிட்டி என்றார்கள். அதற்கு ஒரு உறுப்பினரைக்கூட நியமிக்காமல் 2018-ல் அதை ரத்தே செய்துவிட்டார்கள். நடுவில் போன ஆறு வருஷத்தில் பேச வேண்டியதைப் பேசாமல் போனவர்கள் எத்தனை பேரோ!

நம்ம ஊரில் தலைகீழ்

இங்கே ‘டெத் பேனல்’ பயம் இல்லை. இங்கே இருக்கிற பயம் நேர் எதிர். "போன உயிரை வென்டிலேட்டர்ல வச்சு பில்லு ஏத்தறாங்க" என்று ஐ.சி.யு. வாசலில் முணுமுணுக்காத குடும்பம் உண்டா? அங்கே, செலவை மிச்சம் பிடிக்க அரசாங்கம் சிகிச்சையை நிறுத்திவிடும் என்ற பயம். இங்கே, வருமானத்துக்காக ஆஸ்பத்திரி சிகிச்சையை நீட்டும் என்ற பயம். இரண்டிலும் நோயாளியை யாரும் கேட்கவில்லை.

கேட்கத்தான் விடுகிறோமா நாம்? சாயங்காலம் அம்மா ஆரம்பிப்பார்: "ஏண்டி, எனக்கு ஏதாவது ஆச்சுன்னா இந்தக் குழாய் கிழாய்னு..."

"சும்மா இரும்மா! விளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு இது?"

முடிந்தது. அமெரிக்காவில் செனட்டர்கள் செய்ததை நாம் வீட்டிலேயே செய்துவிடுகிறோம். அப்புறம் ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு டாக்டர் ஒரு ஃபாரத்தை நீட்டி, "ட்யூப் போடணும், சைன் பண்ணுங்க" என்பார். மகள் அண்ணனுக்குப் போன் போடுவாள். "நீ சொல்லுண்ணா." "நான் எப்படிம்மா சொல்றது, நீதானே பக்கத்துல இருக்கே!" அம்மா சொல்ல வந்த பாதி வாக்கியம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வரும்.

அதனால், அடுத்த தடவை அம்மா ஆரம்பித்தால் பக்கத்தில் உட்காருங்கள். "என்னம்மா நெனைக்கறே, சொல்லு" என்று மட்டும் கேளுங்கள். அப்பாவாக இருந்தால் நேராகக் கேட்டால் கோபம் வரும். "பக்கத்து வீட்டுத் தாத்தா ஒரு மாசம் ஐ.சி.யு.ல இருந்தாரே, அதைப் பத்தி நீங்க என்னப்பா நெனைக்கறீங்க?" என்று ஆரம்பிக்கலாம். எது நடந்தாலும் பரவாயில்லை, எது மட்டும் கூடாது? வீட்டிலேயா, ஆஸ்பத்திரியிலேயா? பேச முடியாமல் போனால் யார் சொல்வதை டாக்டர் கேட்க வேண்டும்? ஒரே நாளில் எல்லாம் பேசி முடிக்க வேண்டாம். ஒன்றை மட்டும் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: வென்டிலேட்டர் வேண்டாம் என்றால் வைத்தியமே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. வலிக்கு மருந்து, மூச்சுத் திணறலுக்கு மருந்து, வாய் காயாமல் தண்ணீர், படுக்கைப் புண் வராமல் பார்ப்பது எல்லாம் கடைசி நிமிஷம் வரை உண்டு. இது கருணைக் கொலையும் இல்லை. ஊசி போட்டு உயிரை எடுப்பது இந்தியாவில் குற்றம்.

சட்டமும் இப்போது கூட நிற்கிறது. 2018 மார்ச் 9-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள், கௌரவமாக இறப்பதும் வாழும் உரிமையில் சேர்ந்தது என்று சொல்லி ‘லிவிங் வில்’ எழுத அனுமதித்தார்கள். முதலில் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்று இருந்தது. யார் அலைவார்கள்! 2023 ஜனவரி 24-ம் தேதி அதைச் சுலபமாக்கிவிட்டார்கள். 18 வயது நிரம்பி, நல்ல மனநிலையில் இருப்பவர் யாரும் எழுதலாம். இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் ஆபீசரிடம் அத்தாட்சி வாங்க வேண்டும். உங்களுக்குப் பதிலாக முடிவு சொல்ல நம்பிக்கையான ஒருவரையோ, ஒருவருக்கு மேற்பட்டவர்களையோ குறிப்பிடலாம். மனசு மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் ரத்து செய்யலாம்.

"அப்படின்னா பிள்ளைங்க சொத்துக்காக இதை வச்சே கதையை முடிச்சுட்டா?" என்று கேட்கிற தாத்தாக்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்குத்தான் நம் சட்டத்தில் இரண்டு கட்ட டாக்டர் குழு. உங்களுக்கு நல்ல நினைவு இருந்து, பேச முடிகிற வரை அந்தத் தாளுக்கு வேலையே இல்லை. நீங்கள் பேச முடியாமல், குணமாகாத நிலையில் இருந்தால்தான் ஆஸ்பத்திரியின் முதல் குழு கூடும்: வைத்தியம் பார்க்கும் டாக்டர், ஐந்து வருஷமாவது அனுபவமுள்ள இன்னும் இரண்டு ஸ்பெஷலிஸ்டுகள். பிறகு வேறு மூன்று டாக்டர்கள் கொண்ட இரண்டாவது குழு. அதில் ஒருவர் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி அனுப்புகிறவர். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். நிறுத்துவதற்கு முன் ஆஸ்பத்திரி மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தர வேண்டும். குழு ஒத்துக்கொள்ளாவிட்டால் ஹைகோர்ட் போகலாம். எழுதி வைக்காதவர்களுக்கும், குடும்பத்தார் சம்மதத்தோடு இதே இரண்டு குழு முறைதான்.

எழுதிய தாளைப் பத்திரம் மாதிரி பாங்க் லாக்கரில் பூட்டி வைத்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி லாக்கரை யார் திறப்பது? நீங்கள் குறிப்பிட்ட ஆளிடம் ஒரு காப்பி, குடும்ப டாக்டரிடம் ஒரு காப்பி, மாநகராட்சி, நகராட்சி அல்லது பஞ்சாயத்தில் இதற்கென்று உள்ள அதிகாரியிடம் ஒரு காப்பி. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கு போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள். வீட்டில் இன்ஷூரன்ஸ் கார்டு, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எல்லாம் வைத்திருக்கும் அந்தப் பழைய ஃபைலில் இதையும் மேலாகச் செருகி வையுங்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது கைக்கு வருவது அதுதான்.